பலகையின் அகலத்துக்குள் நான்கு பேர்: பர்மிங்ஹாம் 2022 ஆண்கள் மும்முறைத் தாண்டல் குறித்த விவாதம்

தடகள வாசகன்:

2022 ஆகஸ்ட் 7 அன்று பர்மிங்ஹாமின் அலெக்சாண்டர் விளையாட்டரங்கில் நடந்த காமன்வெல்த் போட்டியின் ஆண்கள் மும்முறைத் தாண்டல் இறுதிச்சுற்றைப் பற்றிப் பேச இந்த இழையைத் தொடங்குகிறேன். இந்தியாவின் எல்தோஸ் பால் 17.03 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார்; இன்னோர் இந்தியரான அப்துல்லா அபூபக்கர் 17.02 மீட்டருடன் வெள்ளி பெற்றார். பெர்முடாவின் ஜா-நாய் பெரிஞ்சீஃப் 16.92 மீட்டருடன் வெண்கலம் பெற்றார். நம் பிரவீன் சித்திரவேல் 16.89 மீட்டருடன் நான்காவதாக முடித்தார். காமன்வெல்த் போட்டிகளில் இந்தப் பிரிவில் இந்தியா பெற்ற முதல் தங்கம் இது. 1970இல் எடின்பரோவில் மொகிந்தர் சிங் கில் வெண்கலமும் 1974இல் கிறைஸ்ட்சர்ச்சில் வெள்ளியும் வென்றிருந்தார். 2010இல் டெல்லியில் ரஞ்சித் மகேஸ்வரியும் 2014இல் கிளாஸ்கோவில் அர்பிந்தர் சிங்கும் வெண்கலம் வென்றனர். அந்த வரிசைக்குப் பிறகு ஒரே மாலையில் தங்கமும் வெள்ளியும் வந்தது எவ்வளவு பெரிய நிகழ்வு என்பதை நாம் இன்னும் முழுமையாகப் பேசி முடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் என் மனத்தில் நிற்கும் செய்தி வேறு. தங்கத்துக்கும் நான்காம் இடத்துக்கும் இடையே இருந்த இடைவெளி 14 சென்டிமீட்டர். வீரர்கள் உதைத்தெழும் பலகையின் அகலம் 20 சென்டிமீட்டர். அதாவது முதல் நான்கு பேருக்கும் இடையிலான மொத்த வித்தியாசம் அந்த ஒரு பலகையின் அகலத்தைக்கூட எட்டவில்லை. தாண்டல் அளக்கப்படுவது வீரரின் கால் இருந்த இடத்திலிருந்து அன்று. பலகையின் மணற்குழிப் பக்க விளிம்பிலிருந்துதான். பலகையின் பின்பகுதியை மிதித்து எழுந்தவர் அந்தத் தொலைவை இழக்கிறார், அந்த இழப்பு முடிவுப் பட்டியலில் எங்கும் பதிவாவதில்லை. அப்படியென்றால் அன்று உண்மையில் அதிகத் தொலைவு தாண்டியவர் யார் என்ற கேள்விக்கு நம்மிடம் விடை இருக்கிறதா? நண்பர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

கொடிநடுவர்:

நல்ல கேள்வி. பல ஆண்டுகளாக மாவட்ட, மாநில அளவிலான போட்டிகளில் தாண்டல் பிரிவு நடுவராகப் பணியாற்றுபவன் என்ற முறையில் அளவீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மணலில் உடலின் எந்தப் பகுதி பதிந்திருந்தாலும், பலகைக்கு மிக அருகில் இருக்கும் பதிவிலிருந்து விளிம்புக்கோட்டுக்குச் செங்குத்தாக அளக்கிறோம். ஒரு சென்டிமீட்டருக்குக் கீழ்ப்பட்ட பின்னம் எதுவானாலும் அது கழிக்கப்பட்டு, கீழே உள்ள முழுச் சென்டிமீட்டரே எழுதப்படும். ஆகவே 17.02 என்று எழுதப்பட்ட தாண்டல் 17 மீட்டர் 2 சென்டிமீட்டர் 9 மில்லிமீட்டராகவும் இருக்கலாம், 17.03 என்பது சரியாக 17 மீட்டர் 3 சென்டிமீட்டராகவும் இருக்கலாம். தங்கத்தையும் வெள்ளியையும் பிரித்த அந்த ஒரு சென்டிமீட்டர், ஒரு மில்லிமீட்டரிலிருந்து ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் வரை எதுவாகவும் இருந்திருக்க முடியும். விதி அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது, அது எல்லோருக்கும் ஒன்றுபோலவே பொருந்துகிறது என்பதால் இதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். 2021 நவம்பரில் ஃபவுல் விதி, அதாவது எந்தத் தாண்டல் செல்லாது என்ற விதி, மாறியது. அதற்கு முன்பு விளிம்புக்கு அப்பாலிருந்த பிளாஸ்டிசின் என்ற மென்களிமண் பட்டையில் தடம் பதிந்தால்தான் சிவப்புக்கொடி உயர்ந்தது. புதிய விதியின்படி, உதைத்தெழும் முன் காலணியின் எந்தப் பகுதியும் விளிம்புக்கோட்டின் நேர்மேலான தளத்தைக் கடந்தாலே ஃபவுல்தான். முன்பு ஷூவின் நுனி சற்று மேலே வளைந்து கோட்டைத் தாண்டி நின்றாலும் தடம் இல்லாவிட்டால் தப்பிவிடலாம். பர்மிங்ஹாம் போட்டி இந்த மாற்றம் வந்து ஓராண்டு நிறைவதற்குள் நடந்தது. வீரர்கள் தங்கள் ஓட்டத்தைச் சற்றுப் பின்னே நகர்த்திக்கொள்ள வேண்டியிருந்த காலம் அது.

காவிரிக்கரை:

நான் பிரவீனுக்காகவே அந்த இறுதிச்சுற்றைப் பார்த்தேன். வெண்கலத்துக்கு மூன்று சென்டிமீட்டர் குறைவு. அடுத்த ஆண்டு மே மாதம் ஹவானாவில் எதிர்க்காற்றில் 17.37 மீட்டர் தாண்டி, ரஞ்சித் மகேஸ்வரி 2016இல் படைத்த 17.30 மீட்டர் தேசிய சாதனையை முறியடித்தவர் அவர். அப்படிப்பட்ட வீரர் மூன்று சென்டிமீட்டரில் பதக்கத்தை இழப்பது மனத்தை வருத்துகிறது. தடகள வாசகன் சொல்வதுபோல அவர் பலகையின் பின்பகுதியில் மிதித்திருந்தால், உண்மையில் பெரிஞ்சீஃபைவிட அதிகம் தாண்டியிருக்கலாம் அல்லவா?

2018இல் பியூனஸ் ஏர்ஸில் நடந்த இளையோர் ஒலிம்பிக்கில் பிரவீன் வெண்கலம் வென்றபோது அங்கே வேறு முறை பின்பற்றப்பட்டது. இரண்டு கட்டங்களாகப் போட்டி நடத்தி, ஒவ்வொன்றிலும் கிடைத்த சிறந்த தாண்டலைக் கூட்டினார்கள்; அவருடைய மொத்தம் 31.52 மீட்டர். ஒரே ஒரு நல்ல தாண்டலுக்குப் பதக்கம் கொடுப்பதைவிட அது நியாயமான முறை என்று எனக்குத் தோன்றுகிறது. எல்தோஸ் பால் அன்று 14.62 மீட்டரில் தொடங்கி, 16.30 மீட்டருக்கு உயர்ந்து, மூன்றாவது வாய்ப்பில்தான் 17.03 மீட்டரைத் தொட்டார்.

சரித்திரப்பக்கம்:

நண்பர் காவிரிக்கரையின் வருத்தம் புரிகிறது, ஆனால் கூட்டல் முறையை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே ஒரு தாண்டல் எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்பதில்தான் இந்தப் போட்டியின் உயிர் இருக்கிறது.

1968 மெக்சிகோ ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தகுதிச்சுற்றில் இத்தாலியின் ஜுசெப்பே ஜென்டிலே 17.10 மீட்டர் தாண்டி உலக சாதனை படைத்தார். மறுநாள் இறுதிச்சுற்றில் அதையே 17.22 மீட்டராக உயர்த்தினார். பிறகு சோவியத் வீரர் விக்டர் சனேயேவ் 17.23 மீட்டர் தாண்டினார். பிரேசிலின் நெல்சன் புரூடென்சியோ 17.27 மீட்டர் தாண்டினார்; கடைசியில் சனேயேவ் 17.39 மீட்டருக்குச் சென்று தங்கத்தை எடுத்துக்கொண்டார். ஒரே போட்டியில் ஐந்து முறை உலக சாதனை மாறியது, அதை இரண்டு முறை மாற்றிய ஜென்டிலேவுக்குக் கிடைத்தது வெண்கலம். அவருக்கு அநீதி நடந்தது என்று யாரும் சொன்னதாக நான் படித்ததில்லை. சனேயேவ் அதன் பிறகு 1972இலும் 1976இலும் தங்கம் வென்றார்.

அண்மைக்காலத்துக்கு வந்தால், 2015 பெய்ஜிங் உலகச் சாம்பியன்ஷிப்பில் அமெரிக்காவின் கிறிஸ்டியன் டெய்லர் தம் ஆறாவது, கடைசி வாய்ப்பில் 18.21 மீட்டர் தாண்டினார். உலக சாதனைக்கு எட்டு சென்டிமீட்டர் குறைவு. ஐந்து தாண்டல்களின் களைப்பு கால்களில் இருக்கும்போது வாழ்க்கையின் மிகச்சிறந்த தாண்டலை ஒருவர் நிகழ்த்துகிறார் என்றால், அந்த வாய்ப்பைக் கூட்டுத்தொகை என்ற கணக்கில் கரைத்துவிடக் கூடாது.

பால் முதலில் 14.62 மீட்டர்தான் தாண்டினார் என்பதை நீங்கள் குறையாகச் சொல்கிறீர்கள். எனக்கு அது பாராட்டாகத் தெரிகிறது. மூன்று வாய்ப்புகளுக்குப் பிறகு முதல் எட்டுப் பேர் மட்டுமே தொடர முடியும் என்ற நெருக்கடியில், மூன்றாவது வாய்ப்பில் அதுவரை தாம் தாண்டியிராத தொலைவைத் தாண்டினார். மேலும் 17.03 என்ற எண்ணுக்கே ஒரு வரலாறு உண்டு. 1960 ஆகஸ்டில் போலந்தின் ஓல்ஷ்டினில் யூசெஃப் ஷ்மித் தாண்டியது இதே 17.03 மீட்டர். மனிதர் 17 மீட்டரைக் கடந்த முதல் தாண்டல் அதுதான்.

மூன்றாம்எட்டு:

இளம் வீரர்களுக்கு மும்முறைத் தாண்டல் கற்றுக்கொடுத்து வருகிறேன். இங்கே நடக்கும் உரையாடலில் பலகை மட்டுமே பேசப்படுகிறது. பலகைக்குப் பிறகு நடப்பவற்றையும் கொஞ்சம் பேசினால்தான் பலகையின் மதிப்பே விளங்கும்.

மும்முறைத் தாண்டலுக்கு ஹாப், ஸ்டெப், ஜம்ப் என்று மூன்று கட்டங்கள். முதல் கட்டமான ஹாப்பில் எந்தக் காலால் உதைத்தாரோ அதே காலில் இறங்க வேண்டும். ஸ்டெப்பில் மறுகாலில் இறங்க வேண்டும். அதன் பிறகு ஜம்ப், மணற்குழி. சர்வதேசப் போட்டிகளில் ஆண்களுக்குப் பலகையிலிருந்து குழி குறைந்தது 13 மீட்டர் தள்ளி இருக்கும் என்பதால் முதல் இரண்டு கட்டங்களிலும் இறங்குவது கடினமான ஓடுதளத்தின்மீதுதான். ஹாப்பிலிருந்து இறங்கும் அந்த ஒற்றைக்கால் தாங்கும் விசை உடல் எடையின் பத்து மடங்கையும் தாண்டக்கூடியது. அந்த அடியை வாங்கிக்கொண்டு, முழங்கால் மடங்கிப்போகாமல், வேகத்தையும் விட்டுவிடாமல் உடனே அடுத்த கட்டத்துக்கு எழ வேண்டும். புதிதாகக் கற்கும் எந்த மாணவரிடமும் முதலில் உடைவது ஸ்டெப்தான். ஹாப்பில் உயரமாக எழும்பிவிடுவார்கள், இறங்கும்போது உடல் அமுங்கிவிடும், ஸ்டெப் வெறும் ஓர் எட்டாகச் சுருங்கிவிடும்.

1995 ஆகஸ்ட் 7 அன்று கோத்தன்பர்க் உலகச் சாம்பியன்ஷிப்பில் பிரிட்டனின் ஜொனாதன் எட்வர்ட்ஸ் தாண்டிய 18.29 மீட்டர் இன்றும் உலக சாதனையாக நிற்கிறது. அதன் பகுப்பு ஹாப் 6.05, ஸ்டெப் 5.22, ஜம்ப் 7.02 மீட்டர். கடைசிக் கட்டம்தான் மிக நீளமானது என்பதைக் கவனியுங்கள். அவர் ஹாப்பைத் தாழ்வாகவும் வேகமாகவும் வைத்துக்கொண்டு, சேமித்த வேகத்தை ஜம்ப்பில் செலவழித்தார். என் மாணவர்களிடம் இந்த மூன்று எண்களைத்தான் முதலில் எழுதிக்கொள்ளச் சொல்வேன்.

இப்போது பலகைக்கு வருகிறேன். முன்னணி வீரர் ஒருவர் பலகையை அடையும்போது விநாடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பார். கோட்டை மிதித்துவிடுவோமோ என்ற அச்சத்தில் கடைசி இரண்டு எட்டுகளைக் குறுக்கினாலோ, எட்டவில்லையே என்று நீட்டினாலோ வேகம் போய்விடும். அந்த இழப்பு ஹாப், ஸ்டெப், ஜம்ப் மூன்றிலும் தொடரும். ஆகவே பலகையின் பின்பகுதியில் மிதித்த வீரர் பத்து சென்டிமீட்டர் இழந்தார் என்று மட்டும் கணக்குப் போடக் கூடாது. ஒருவேளை தடையில்லாத ஓட்டத்தால் அந்தப் பத்து சென்டிமீட்டருக்கு மேல் அவர் சம்பாதித்தும் இருக்கலாம். கோட்டை ஒட்டி மிதித்தவர் அதற்காக வேகத்தைக் கொடுத்திருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்த்து, உண்மையில் யார் அதிகம் தாண்டினார் என்று கேட்பது பொருளற்றது என்பது என் உறுதியான கருத்து. பலகையைச் சரியாக மிதிப்பதும் தாண்டலின் ஒரு பகுதி.

தடகள வாசகன்:

ஐயா, உங்கள் விளக்கம் மிகவும் பயனுள்ளது. ஆனால் பொருளற்றது என்ற முடிவை மட்டும் ஏற்கத் தயங்குகிறேன். காற்றின் வேகத்தை நாம் அளக்கிறோம். வீரர் பலகைக்கு 35 மீட்டர் முன்னுள்ள குறியைக் கடந்ததிலிருந்து ஐந்து விநாடிகளுக்கு அளந்து, தாண்டலின் பக்கத்திலேயே எழுதுகிறோம். அது வெற்றியாளரைத் தீர்மானிப்பதில்லை. ஆனாலும் அந்தத் தாண்டலைப் புரிந்துகொள்ள உதவுகிறது. 1995 ஜூனில் லீல் நகரில் எட்வர்ட்ஸ் 18.43 மீட்டர் தாண்டியபோது பின்னிருந்து வீசிய காற்று விநாடிக்கு 2.4 மீட்டராக இருந்தது, 2.0 என்ற வரம்பை மீறியதால் அது சாதனையாகவில்லை. இவ்வளவும் நமக்குத் தெரிந்திருப்பதால்தான் அந்தத் தாண்டலை அதற்குரிய இடத்தில் வைத்துப் பேச முடிகிறது. அதேபோல, கால் கோட்டுக்கு எத்தனை சென்டிமீட்டர் பின்னால் இருந்தது என்பதையும் ஒவ்வொரு தாண்டலுக்கும் வெளியிடலாம் என்பதே என் வேண்டுகோள். பதக்க வரிசையை மாற்ற நான் கேட்கவில்லை.

அன்றைய போட்டியையே பாருங்கள். அபூபக்கர் அதே ஆண்டின் முற்பகுதியில் 17.19 மீட்டர் தாண்டியிருந்தார். பர்மிங்ஹாமில் ஐந்தாவது வாய்ப்பில் 17.02 மீட்டர் வந்தது. அந்தத் தாண்டலில் பலகையில் அவர் இழந்தது இரண்டு சென்டிமீட்டரா பன்னிரண்டா என்பது தெரிந்தால், அவர் அன்று எந்த நிலையில் இருந்தார் என்பதும் தெரியும். பயிற்சியாளருக்கும் அது பயன்படுமே.

மூன்றாம்எட்டு:

வெளியிடுவதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. அதை வரவேற்கவே செய்கிறேன். பட்டியலில் ஒரு கூடுதல் எண் வந்தால், மறுநாளே அதைக் கொண்டு பதக்கத்தைக் கேள்வி கேட்பார்கள் என்பதுதான் என் கவலை. காவிரிக்கரை நண்பரின் பதிவிலேயே அது தொடங்கிவிட்டது.

கொடிநடுவர்:

இதையொட்டி ஒரு செய்தி. 2024 தொடக்கத்தில் உலகத் தடகள அமைப்பு, நீளம் தாண்டலில் பலகைக்குப் பதிலாக ஓர் அகலமான பகுதியைக் குறித்து, அதற்குள் கால் எங்கே பட்டாலும் அங்கிருந்தே அளக்கும் முறையைச் சோதித்துப் பார்க்கப்போவதாக அறிவித்தது. ஃபவுல்கள் அதிகமாக இருப்பதால் பார்வையாளர்கள் நல்ல தாண்டல்களை இழக்கிறார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். அமெரிக்காவின் புகழ்பெற்ற நீளம் தாண்டல் வீரர் கார்ல் லூயிஸ் அதைக் கடுமையாக எதிர்த்தார்.

மும்முறைத் தாண்டலுக்கு அது வரக் கூடாது என்பது என் நிலைப்பாடு. ஒரு வீரருக்குத் தம் முயற்சியைத் தொடங்க ஒரு நிமிடம் தரப்படுகிறது. முழு வேகத்தில் ஓடி வந்து அந்தக் குறுகிய பலகையைக் கால் தேடிப் பிடிக்கும் கணத்தில் அரங்கமே மூச்சடக்கி நிற்கிறது, பிறகு வெள்ளைக்கொடியா சிவப்புக்கொடியா என்று எல்லாக் கண்களும் எங்கள் பக்கம் திரும்புகின்றன. அந்தத் திறமையை எடுத்துவிட்டால் எட்வர்ட்ஸின் 18.29 மீட்டரையும், சனேயேவின் 17.39 மீட்டரையும், நாளை வரப்போகும் தாண்டல்களையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கவே முடியாமல் போகும். பழைய தாண்டல்கள் எல்லாம் கோட்டிலிருந்து அளக்கப்பட்டவை.

காவிரிக்கரை:

பதக்கத்தைக் கேள்வி கேட்பது என் நோக்கமன்று. பாலும் அபூபக்கரும் வென்றதில் எனக்கும் பெருமைதான். மூன்று சென்டிமீட்டரை நினைத்து வருந்துவதற்கும், முடிவை மறுப்பதற்கும் வேறுபாடு உண்டு. ஆனால் ஜென்டிலேவைப் பற்றிப் படித்த பிறகு கூட்டல் முறையை நான் இனி வலியுறுத்த மாட்டேன். இரண்டு முறை உலக சாதனை படைத்து மூன்றாவதாக நிற்பவரை விடப் பெரிய ஏமாற்றம் நான்காம் இடத்தில் இருப்பதாகச் சொல்ல முடியவில்லை.

ஒரு சந்தேகம். அபூபக்கரும் 17.03 மீட்டர் தாண்டியிருந்தால் தங்கம் இருவருக்குமா?

கொடிநடுவர்:

இல்லை. இருவரின் இரண்டாவது சிறந்த தாண்டலை ஒப்பிடுவோம், அதுவும் சமமானால் மூன்றாவது, இப்படியே தொடரும். காற்றுக்கு இதில் இடமில்லை.

சரித்திரப்பக்கம்:

மூன்றாம் இடம் பெற்றவரைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் இதைச் சேர்க்கிறேன். பெர்முடா மிகச் சிறிய தீவு. ஆனால் 1995இல் எட்வர்ட்ஸ் 18.29 மீட்டர் தாண்டிய அதே கோத்தன்பர்க் இறுதிச்சுற்றில் 17.62 மீட்டருடன் வெள்ளி வென்ற பிரையன் வெல்மன் பெர்முடாவைச் சேர்ந்தவர். அதே ஆண்டு பார்சிலோனாவில் உள்ளரங்க உலகச் சாம்பியனாகவும் ஆனார். பெரிஞ்சீஃபின் வெண்கலத்தை நாம் பிரவீனின் இழப்பாக மட்டும் பார்க்கும்போது அங்கே ஓர் ஊரே அதைக் கொண்டாடியிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

நெருக்கமான முடிவுகளைப் பற்றிப் பேசுவதானால் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கும் உண்டு. ஸ்பெயினுக்காக ஹோர்தான் தியாஸ் 17.86 மீட்டர், போர்ச்சுகலுக்காகப் பெட்ரோ பிச்சார்டோ 17.84 மீட்டர், இத்தாலிக்காக ஆன்டி தியாஸ் 17.64 மீட்டர். தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையே இரண்டு சென்டிமீட்டர், மூவருமே கியூபாவில் பிறந்தவர்கள். அபூபக்கரும் பிரவீனும் அங்கே தகுதிச்சுற்றைத் தாண்டவில்லை.

தடகள வாசகன்:

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை மிகவும் யோசிக்க வைக்கிறது. 2022இல் யூஜின் உலகச் சாம்பியன்ஷிப்பில் பால் இறுதிச்சுற்றுக்கு முன்னேறி 16.79 மீட்டருடன் ஒன்பதாவதாக வந்தார். உலகச் சாம்பியன்ஷிப் மும்முறைத் தாண்டலில் இறுதிச்சுற்றை எட்டிய முதல் இந்தியர் அவர். சில வாரங்களில் காமன்வெல்த் தங்கம், அடுத்த ஆண்டு பிரவீனின் 17.37. இவ்வளவு விரைவாக எழுந்த ஒரு தலைமுறை, 2023 புடாபெஸ்ட் உலகச் சாம்பியன்ஷிப்பிலும் பாரிஸிலும் தகுதிச்சுற்றோடு நின்றுவிட்டது. மூன்றாம்எட்டு ஐயா, தகுதிச்சுற்றில் மூன்று வாய்ப்புகள் மட்டுமே இருப்பது நம் வீரர்களுக்குப் பலகையில் கூடுதல் தயக்கத்தைத் தருகிறதா?

மூன்றாம்எட்டு:

எல்லா நாட்டு வீரர்களுக்கும் அது உண்டு. வேறுபாடு, 17 மீட்டரை ஒருவர் எத்தனை முறை தாண்டிப் பழகியிருக்கிறார் என்பதில் இருக்கிறது. பிச்சார்டோ போன்றவர் தம் உச்சத்தைவிட முக்கால் மீட்டர் குறைவாகத் தாண்டினாலும் இறுதிச்சுற்றுக்குள் நுழைந்துவிடுவார், அதனால் கோட்டிலிருந்து ஓர் அடி பின்னே மிதித்தாலும் அவருக்குக் கவலையில்லை. நம் வீரர்கள் இறுதிச்சுற்றுக்குள் நுழைய அன்றைய நாளில் ஏறத்தாழ தம் முழுத் திறனையும் காட்ட வேண்டியிருக்கிறது. அப்படியென்றால் பலகையின் விளிம்பைத் தேடியே ஆக வேண்டும், தேடும்போது வேகம் குறைகிறது அல்லது சிவப்புக்கொடி உயர்கிறது. இதற்கு வழி, ஆண்டு முழுவதும் வலுவான எதிராளிகளுடன் வெளிநாட்டுப் போட்டிகளில் தாண்டிப் பழகுவதுதான். பிரவீனின் 17.37 ஹவானாவில் வந்தது தற்செயல் என்று நான் கருதவில்லை. மும்முறைத் தாண்டலில் உலகின் மிகச்சிறந்தவர்களை வளர்த்தெடுத்த மண் அது.

நீங்கள் கேட்ட பலகை எண்ணை என் மாணவர்களுக்கு அடுத்த பருவத்திலிருந்து நானே குறித்துவைக்கப் போகிறேன். ஓடுதளத்தின் ஓரத்தில் ஒரு கைப்பேசியை நிறுத்தினால் போதும். சில மாதங்களுக்குப் பிறகு, கோட்டை ஒட்டி மிதித்த தாண்டல்களையும் பின்னே மிதித்த தாண்டல்களையும் மூன்று கட்டங்களின் நீளத்தோடு ஒப்பிட்டு இதே இழையில் எழுதுகிறேன்.